நான் துடியலூருங்க

துடியலூர்
14.6.2025

தம்பி செல்வனுக்கு அக்கா செவ்வந்தி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமாவும் யுவஸ்ரீயும் சௌக்கியம். மதுக்கரையில் அப்பா சௌக்கியம், மூட்டுவலி மட்டும் வழக்கம்போல. உன் சௌக்கியத்துக்கு எழுது.

போன் இருக்க இது எதற்கு என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் கிரிக்கெட் பேசினாய். பக்கத்து வீட்டு ரிஃபத் பேரை எடுத்ததும் “சிக்னல் இல்லக்கா” என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எடுக்கவும் இல்லை. காகிதத்துக்கு சிக்னல் வேண்டாம், அதனால் எழுதுகிறேன்.

நீ லீவில் வந்தால் மதுக்கரையோடு போய்விடுவாய், எங்கள் காம்பவுண்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது. ரிஃபத் வங்காளத்தில் மால்டாக்காரன். இங்கே இரும்பு வார்க்கிற பவுண்டரியில் பன்னிரண்டு வருஷமாக மோல்டிங் வேலை. கல்யாணம் கட்டியது கோயமுத்தூர்க் கோட்டைமேட்டுப் பெண், ஜாஹிதா. போன மாதம் வடக்கே ஒரு ஊருக்குக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனான். டீக்கடையில் நின்று போனில் வங்காளத்தில் பேசியதைக் கேட்டு அங்கத்திய போலீஸ் பிடித்துவிட்டது. வங்கதேசத்துக்காரன் என்று சொல்லிக் கூட்டத்தோடு எல்லைக்குக் கொண்டுபோனதாக அவனோடு போனவன் சொல்கிறான். பிறகு ஒரு தகவலும் இல்லை.

ஜாஹிதா என் காலைச் சுற்றுகிறாள். “உங்க தம்பி அந்த எல்லையிலதானுங்கக்கா இருக்காரு, ஒரு வார்த்தை கேளுங்க” என்கிறாள். கேட்டுச் சொல்.

யுவஸ்ரீக்குக் காதுகுத்து ஆவணியில் வைத்திருக்கிறோம். தாய்மாமன் மடி உன்னுடையது. இப்போதே லீவுக்கு எழுதிப் போடு.

அக்கா,
செவ்வந்தி


முகாம்
27.6.2025

அன்புள்ள அக்காவுக்கு செல்வன் எழுதுவது. நான் நலம். வலது மணிக்கட்டில் சுளுக்கு, எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். மாமா, பாப்பா, அப்பா எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

டியூட்டி விஷயத்தைப் போனிலும் பேசக்கூடாது, எழுதவும் கூடாது. இதை நீ புரிந்துகொள்ள வேண்டும். விசாரிக்காமல் யாரையும் அனுப்ப மாட்டார்கள். எல்லாச் சான்றும் சரியாக இருக்கிறவனை எதற்குப் பிடிக்கப்போகிறார்கள்? அந்தப் பெண்ணிடம் ரொம்ப ஒட்டாதே. நாளைக்கு உன் வீட்டு வாசலுக்கும் விசாரணை வரும்.

பாப்பாவுக்குக் கம்மல் வாங்கிவிட்டேன். சிவப்புக் கல் வைத்தது. லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்துவிடும்.

அந்த ஆளுக்குத் தமிழ் நன்றாகப் பேச வருமா?

தம்பி,
செல்வன்


துடியலூர்
6.7.2025

தம்பிக்கு அக்கா. நாங்கள் நன்றாக இருக்கிறோம். கைக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்.

என் வாசலுக்கு விசாரணை வரும் என்று என்னையே மிரட்டுகிறாயா? உன் காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து ரயிலேற்றியவள் நான். என்னிடம் அந்தக் குரல் வேண்டாம்.

சான்று சரியாக இருந்தால் பிடிக்க மாட்டார்களாம். ரிஃபத்தின் ஆதாரில் துடியலூர் விலாசம் இருக்கிறது. மால்டாவில் அவன் அப்பன் பேரில் நிலப் பட்டா இருக்கிறது. அவனுடைய அம்மா ஓட்டுப் போடுகிறாள். இதற்குமேல் என்ன வேண்டும் உங்களுக்கு, அவன் தொப்புள்கொடியா?

அவனை உத்தமன் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் மோட்டார் முறைக்காக என்னோடு மாதம் ஒரு சண்டை. அவன் குளித்த தண்ணீரை எங்கள் பக்கம் திருப்பிவிடுவான், கேட்டால் மல்லுக்கு நிற்பான். தமிழ் வருமா என்று கேட்டாயே, அந்தச் சண்டையை நீ கேட்க வேண்டும். “ஏனுங்க அம்மணி, எம் மொறையில மோட்டாரை அணைச்சுப்போட்டு போனா நாங்க என்னத்தைங்க குடிக்கறது?” என்பான். இந்த வீதியில் பிறந்தவன்கூட இவ்வளவு ‘ங்க’ போட மாட்டான். அவன் இல்லாமல் மோட்டாரடி அமைதியாகத்தான் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

நான் கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லை. ஜாஹிதாவுக்கு என்ன சொல்லட்டும்?

செவ்வந்தி


முகாம்
2.8.2025

அக்காவுக்கு, நான் நலம். நலமறிய ஆவல்.

மழை அதிகம். ஒரு மாதமாகத் தபால் ஒழுங்காக வரவில்லை. கை தேவலை. அடுத்த வருஷம் பதவி உயர்வுப் பட்டியலில் என் பேர் வரும் என்கிறார்கள். பாப்பாவின் போட்டோ ஒன்று அனுப்பு.

செல்வன்


துடியலூர்
12.8.2025

செல்வா, இங்கே எல்லோரும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறோம். நீயும் சாப்பிடுகிறாய், தூங்குகிறாய் என்று நினைக்கிறேன். தூங்குகிறாயா?

ரிஃபத் பேசினான். வங்கதேசத்தில் ஒரு வெற்றிலைக் கடைக்காரன் போனிலிருந்து. ஜாஹிதா ஸ்பீக்கரில் போட்டாள், நானும் பக்கத்தில் இருந்தேன். அவன் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்.

ஜூன் மாதம் மூன்றாம் தேதி விடிகாலை, மழையில், லாரியில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். போன், ஆதார் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள். சணல் வயல் வரப்பில் வரிசையாக நடக்க விட்டார்கள். வேலியில் ஒரு கேட். நின்றவர்களுக்கு அடி. ஒரு கிழவர் முடியாமல் உட்கார்ந்தார், அவருக்கும் அடி. அப்போது காவலுக்கு வந்த ஒருவனுக்குச் சேற்றில் கால் வழுக்கியது. வழுக்கியதும் அவன் சொன்னானாம், “அட கெரகமே.”

ரிஃபத்துக்கு உயிரே திரும்பி வந்ததாம். திரும்பி நின்று, “ஏனுங்க, நம்மூருங்களா? நான் துடியலூருங்க” என்றானாம். அந்த ஆள் ஹிந்தியில் திட்டிக்கொண்டு தடியால் வாயிலேயே போட்டான். முன்பல் இரண்டு போய்விட்டது. பேசும்போது காற்று வருகிறது. மழைக்கோட்டும் தொப்பியும் போட்டிருந்ததால் முகம் தெரியவில்லை என்றான்.

“யாருன்னு தெரியலைங்கக்கா, ஆனா நம்ம பக்கத்து ஆளுதானுங்க” என்று என்னிடமே சொல்கிறான்.

கெரகமே என்று சொல்கிற ஆள் உங்கள் முகாமில் எத்தனை பேர், செல்வா? நம் அப்பா காலில் முள் குத்தினாலும் கெரகமே என்பார், தேங்காய் அழுகியிருந்தாலும் கெரகமே என்பார். நீயும் அப்படித்தான். உன் மணிக்கட்டு எப்படிச் சுளுக்கியது? யாரைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்கிறாயோ அவனுக்குத் தமிழ் வருமா என்று எதற்குக் கேட்டாய்?

ஜாஹிதாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவள் போட்டுக் கொடுத்த டீயை வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். போன் பண்ணாதே, உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். குரலைக் கேட்டால் நான் இளகிப்போவேன். எழுது.

செவ்வந்தி


முகாம்
25.8.2025

அக்கா, நலம்.

நீ எழுதியதைப் படித்துக் கிழித்துவிட்டேன். என் பழைய கடிதங்களையும் நீ கிழித்துப் போடு. இப்படி ஒரு கடிதம் யார் கையிலாவது கிடைத்தால் என் கதி என்ன என்று யோசித்தாயா? யாரோ ஒரு வங்காளி எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து போனில் சொன்னானாம், இவள் சொந்தத் தம்பியைக் கூண்டில் ஏற்றுகிறாளாம்.

ஈரோட்டுக்காரன் இருக்கிறான், தாராபுரத்துக்காரன் இருக்கிறான். எல்லோருக்கும் வாய் இருக்கிறது. சுளுக்கு வாலிபாலில் வந்தது.

இந்தச் சட்டை நம் வீட்டுக்கு என்ன செய்தது என்பதை மறந்துவிட்டாய். அரங்கசாமி தோட்டத்தில் அப்பா வேலிக்கு வெளியே நின்று “ஏனுங்க சாமி” என்று கூப்பிட்டுவிட்டு, உள்ளேயிருந்து குரல் வரும்வரை வெயிலில் நிற்பாரே, மறந்துவிட்டதா? நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு அதே தோட்டத்தில் அப்பாவுக்குச் சேர் போடுகிறார்கள். “வாங்க ஐயாசாமி” என்று பேர் சொல்லி அழைக்கிறார்கள். ரிஃபத்தா போட வைத்தான் அந்தச் சேரை?

ஆவணியில் லீவு இல்லை. காதுகுத்தைத் தள்ளி வை.

செல்வன்


துடியலூர்
10.9.2025

செல்வா, உடம்புக்கு ஒன்றுமில்லையே? எங்களுக்கு ஒன்றுமில்லை.

தள்ளி வைத்துவிட்டேன். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே, எனக்கே மனசு சரியில்லை. ஆனால் ரொம்பத் தள்ள முடியாது. மார்கழியில் செய்ய மாட்டார்கள், தையில் பாப்பாவுக்கு நாலு பிறந்துவிடும், இரட்டைப்படை வயதில் குத்தக்கூடாது. கார்த்திகை இரண்டாம் வெள்ளி கடைசி நாள்.

வேலிக்கு வெளியே நின்ற அப்பாவை எனக்கு ஞாபகப்படுத்துகிறாய். நல்லது. அப்பா எந்தச் சொல்லைச் சொல்லி நின்றாரோ அதே சொல்லைத்தான் ரிஃபத்தும் சொன்னான். அரங்கசாமி அப்பாவை வெயிலில் நிற்க வைத்தார். பல்லை உடைக்கவில்லை.

இப்போது காரியத்தைக் கேள். ஹாரிகா என்று ஒரு வக்கீல் ஜாஹிதாவுக்காக மனு போட்டிருக்கிறார். அன்றைக்கு அங்கே யாரையும் எல்லை தாண்ட விடவில்லை, ரிஃபத் என்று ஓர் ஆளை நாங்கள் பார்த்ததே இல்லை என்று உங்கள் படை கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டது. அங்கே அந்த நாட்டுப் போலீஸ், அனுமதியில்லாமல் நுழைந்த இந்தியன் என்று அவனைப் பிடித்துச் சிறையில் போட்டிருக்கிறது. இங்கே நீங்கள் இந்தியன் இல்லை என்கிறீர்கள், அங்கே அவர்கள் இந்தியன் என்று அடைக்கிறார்கள். அவன் எங்கே போவான்?

அன்றைக்கு அந்த கேட்டில் நின்ற ஒருவர் “ஆமாம், இந்த ஆளை இந்த வழியாக அனுப்பினோம்” என்று சொன்னால் அவனை மீட்டுவிடலாம் என்கிறார் வக்கீல். அடித்ததைச் சொல்ல வேண்டியதில்லை. அனுப்பியதைச் சொன்னால் போதும்.

அப்பாவிடம் சொன்னேன். “அவன் வேல போயிருமே கண்ணு” என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

சொல்லிவிட்டு வா. சொல்லாமல் வந்தால் என் பிள்ளை உன் மடியில் உட்கார மாட்டாள்.

செவ்வந்தி


துடியலூர்
22.10.2025

செல்வா, சுகம்தான்.

தீபாவளி போனது. நீ பதில் எழுதவில்லை. கம்மல் மட்டும் ரிஜிஸ்தர் தபாலில் வந்தது. அதே கவரில் போட்டு அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன். கம்மலையா கேட்டேன் உன்னிடம்?

ஜாஹிதா பலகாரம் வாங்கிக்கொள்ள வாசலுக்கு வந்தாள். “உங்க தம்பி விசாரிச்சாருங்களா?” என்றாள். விசாரித்துக்கொண்டிருக்கிறான் என்று உனக்காகப் பொய் சொன்னேன். இனி சொல்ல மாட்டேன்.

கார்த்திகை இரண்டாம் வெள்ளி.

செவ்வந்தி


முகாம்
18.11.2025

அக்காவுக்கு செல்வன். நலம் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை. பாப்பா எப்படி இருக்கிறாள்?

நீ கேட்டதை எழுதுகிறேன். படித்துவிட்டு அடுப்பில் போடு. என்மேல் உனக்குத் துளியாவது பாசம் இருந்தால் போட வேண்டும்.

லாரியில் கொண்டுவருவார்கள். யார், எந்த ஊர் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், நாங்களும் கேட்க மாட்டோம். கேட்டைத் திறக்க வேண்டும். நிற்கிறவனைத் தள்ள வேண்டும். அன்றைக்கு அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. என் பூட்ஸ் வழுக்கியது, வாயில் வந்தது வந்துவிட்டது.

அவன் உன்னிடம் பாதியைத்தான் சொல்லியிருக்கிறான். “ஏனுங்க, நம்மூருங்களா? நான் துடியலூருங்க, பவுண்டரியில மோல்டிங் போடறனுங்க. நான் சொல்றது இவங்களுக்குப் புரியலைங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க” என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான் அக்கா. தப்பித்துவிட்டோம் என்று நினைத்துச் சிரித்தான்.

என்னோடு நின்றவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இங்கே நான் மதராசி. என் ஹிந்திக்குச் சிரிப்பார்கள், நான் சோற்றைப் பிசைவதற்குச் சிரிப்பார்கள். ஏழு வருஷமாக அவர்களில் ஒருத்தனாக ஆகப் பார்க்கிறேன். ஹவில்தார், “உன் ஊர்க்காரனா? நீயும் அவனோடு போகிறாயா?” என்று ஹிந்தியில் கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். இவன் யாரென்றே தெரியாது என்று ஹிந்தியில் சொன்னேன். அவன் மறுபடியும் ‘ஏனுங்க’ என்றான். அடித்தேன். அப்போதும் விடாமல் கூப்பிட்டான். அவன் வாயை மூடினால் போதும் என்று இருந்தது எனக்கு. கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் அடித்தேன். கை அதில்தான் சுளுக்கியது.

கேட்டைத் தாண்டின பிறகு அவன் கூப்பிடவில்லை. அப்படியே நின்று பார்த்தான். நான்தான் தாழ் போட்டேன்.

கோர்ட்டில் நான் சொல்ல மாட்டேன். கேட்டால் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன், எனக்கு இந்த வேலையை விட்டால் வேறு என்ன இருக்கிறது? உன்னிடம் சொல்லிவிட்டேன். அது போதாதா? லீவு கேட்டு நிற்கிறேன், கிடைத்ததும் ரயிலேறுவேன். பாப்பாவை வேறு யார் மடியிலும் வைத்துவிடாதே அக்கா.

தம்பி,
தமிழ்ச்செல்வன்


துடியலூர்
2.12.2025

தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. பாப்பாவுக்கு இடது காது கொஞ்சம் வீங்கியிருக்கிறது, மஞ்சள் வைத்திருக்கிறேன். மற்றபடி சௌக்கியம். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் உன்னைக் கூப்பிட்டு விசாரித்திருப்பார்கள். அதனால் நடந்ததை எல்லாம் என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

காதுகுத்து வெள்ளிக்கிழமை முடிந்தது. உன் கடிதம் சனிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமை கோவிலில் ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு, “தாய்மாமன் யாருங்க? வந்து ஒக்காருங்க” என்றார். இல்லைங்க என்றேன். “வந்துட்டு இருக்காருங்களா?” என்றார். இல்லைங்க, இல்லை என்றேன். சொந்தக்காரர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்பா வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து பாப்பாவை வாங்கிக்கொண்டார். குத்தி முடித்ததும் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றார். ரொம்ப நேரம் கழுவினார்.

சனிக்கிழமை உன் கடிதத்தைப் படித்து அழுதேன். உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான், அழாமல் எப்படி இருப்பேன்? நீ சொன்னபடி அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு அதன் முன்னால் நிற்கவும் செய்தேன். அந்த நேரத்தில் வெளியே ஜாஹிதா மோட்டார் போட்டாள். ரிஃபத் முறைக்கு இப்போது அவள்தான் போடுகிறாள். அடுப்பை அணைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

அவளுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் நான்தான் படிக்க வேண்டும் என்று இருந்தது, படித்தேன். நீ கால் வழுக்கிய இடத்தில் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை. அவன் சிரித்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். “ம், படிங்க” என்றாள். கடைசிவரை படித்தேன். மடித்து அவள் கையில் கொடுத்து, இது இனி உன்னுடையது ஜாஹிதா, கிழித்துப் போட்டாலும் சரி, வக்கீலிடம் கொடுத்தாலும் சரி என்றேன்.

அவள் எழுந்து வாசற்படிவரை போனாள். அங்கிருந்து திரும்பி, “ஏனுங்கக்கா, இதைக் குடுத்தா உங்க தம்பிக்கு வேல போயிருங்களா?” என்றாள்.

“போயிரும் கண்ணு” என்றேன்.

“போகட்டுங்க” என்றாள்.

அக்கா,
செவ்வந்தி